கல்தேர்க் கதையும் ஒரு முட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றிப் பலர் எழுதி வருகிறார்கள். நீதிபோதனை வகுப்பைத் திரும்பக் கொண்டுவந்து அதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். ஆசிரியர் கையில் பிரம்பு இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது என்கிறார் இன்னொருவர். நான் திருவாரூர்ப் பக்கத்தில் நடுநிலைப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து 2017இல் ஓய்வு பெற்றவள். பிரம்பு பிடித்திருக்கிறேன். நீதிபோதனை வகுப்பும் எடுத்திருக்கிறேன். பாதி நாள் அந்தப் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும், அதை நான் தடுத்ததும் கிடையாது. இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனுநீதிச் சோழன் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவாரூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்தேரைப் பார்க்காத பிள்ளை இருக்காது. இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் கன்றுக்குட்டி விழுந்து சாகிறது, தாய்ப்பசு போய் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, அந்தப் பசு பட்ட துயரத்தைத் தானும் படவேண்டும் என்று ராஜா தன் மகனைத் தேர்க்காலில் இடத் துணிகிறார். இந்தக் கதையை நான் வருடா வருடம் மூன்றாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் சொல்லி, "ராஜா செஞ்சது சரியா?" என்று கேட்பேன். முதலில் பொழுதுபோக்காகத்தான் கேட்டேன். போகப்போக அந்தப் பதில்களுக்காகவே கேட்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் வகுப்பின் பதில் அத்தனை வருடங்களில் மாறியதே இல்லை. "கன்னுக்குட்டி செத்துப்போச்சுல்ல டீச்சர், அப்ப அவனும் சாகணும்." சொல்லும்போது அந்த முகங்களில் துளி சந்தேகம் இருக்காது. நடுவில் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் வருடங்களில், "அவன் வேணும்னு ஏத்தலையே, அதுதானே குறுக்கே வந்து விழுந்துச்சு" என்று யாராவது ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். எட்டாம் வகுப்பில்தான் கதையே வேறு பக்கம் திரும்பும். இளவரசன் மேல் தேரை ஓட்டச் சொல்லி ராஜா தன் மந்திரிக்கு உத்தரவு போடுகிறார். மந்திரிக்கு அதைச் செய்யவும் மனம் வரவில்லை, உத்தரவை மீறவும் முடியவில்லை, தன் உயிரையே விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் ராஜாவே தேரை ஓட்டுகிறார். "மந்திரி என்ன டீச்சர் தப்பு செஞ்சாரு?" என்று ஒரு பையன் கேட்டான். இன்னொரு வருடம் ஒரு பெண் பிள்ளை, "பசுவுக்கு நியாயம் கெடச்சுது சரி. அந்தப் பையனோட அம்மாவும் பசு மாதிரிதானே அழுவாங்க?" என்றாள். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சியில் பியாஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரரைப் பற்றிப் படித்திருந்தேன். 1932இல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சியில் இப்படி ஒரு ஜோடிக் கதை வரும். ஒரு பையன் சாப்பாட்டு அறைக் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுத்துத் தின்ன அலமாரியில் ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் 15 உடைத்தவனைத்தான் காட்டினார்கள். பெரிய பிள்ளைகள், எதற்காக ஏறினான் என்று பார்த்தார்கள். எங்கள் மூன்றாம் வகுப்புக்குக் கண்ணில் பட்டதும் செத்துப்போன கன்று மட்டும்தான்.

அந்த மனிதர் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலி விளையாடி, தனக்கு ஆட்டம் தெரியாத மாதிரி விதிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டார். சின்னதுகள், பெரியவர்கள் போட்டது, மாற்றவே கூடாது என்றன. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். நம் தெருவில் பேந்தா ஆடும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சண்டைதான் பாதி ஆட்டம். ஆனால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பையனையும் அவர்கள் விரட்டுவதில்லை. தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அடித்தால் கணக்கில் வராது, அவனை ஆட்டத்தை விட்டு வெளியேற்றவும் மாட்டார்கள். இந்த விதியை எந்த நீதிபோதனை வகுப்பு சொல்லிக்கொடுத்தது? விதி எதற்காக இருக்கிறது என்று புரிந்த பிள்ளைகள் தாங்களாகவே போட்டுக்கொண்டது அது.

அடுத்து, எது சரி எது தப்பு என்று பிள்ளைகள் யோசிக்கும் விதம் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கோல்பெர்க். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். மூன்று மட்டங்கள், ஆறு நிலைகள் என்று மனப்பாடம் செய்து விடையைக் குறித்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, யூத அகதிகளை பிரிட்டிஷ் தடையை மீறிப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுபோன கப்பலில் வேலை செய்தவர் அவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சட்டத்தை மீறுவது எப்போது சரியாகும் என்ற கேள்வி அவருக்கு அந்தக் கடலில் வந்திருக்க வேண்டும். 1958இல் சிகாகோவில் 10, 13, 16 வயதுப் பையன்கள் 72 பேரிடம் அவர் சொன்ன கதை இது. ஹைன்ஸ் என்பவரின் மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள். மருந்து அதே ஊரில் இருக்கிறது. 200 டாலரில் தயாராகும் மருந்துக்கு மருந்துக்கடைக்காரர் 2,000 டாலர் கேட்கிறார். ஹைன்ஸால் 1,000தான் புரட்ட முடிகிறது. கடன் சொன்னாலும் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஹைன்ஸ் ராத்திரியில் கடையை உடைத்து மருந்தைத் திருடுகிறான். செய்திருக்கலாமா?

ஆமாம், இல்லை என்ற பதிலுக்கு அவர் மதிப்பெண் போடவில்லை. ஏன் என்று சொல்வதைத்தான் கவனித்தார். மாட்டிக்கொள்வான் என்ற பயத்தில் சொல்கிறானா, தனக்கு என்ன லாபம் என்று பார்க்கிறானா, நாலு பேர் நல்ல புருஷன் என்று சொல்வதற்காகவா, சட்டம் சட்டம்தான் என்பதாலா, அந்தச் சட்டமே மனுஷ உயிருக்காகத்தான் என்று யோசிக்கிறானா? அந்தப் பையன்களில் பலரை 20 ஆண்டுகள் தொடர்ந்து போய், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி கேட்டார்கள். படிப்படியாக ஏறியவர்கள் இருந்தார்கள். ஆனால் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் "நாலு பேர் என்ன சொல்வார்கள்", "சட்டம் சட்டம்தான்" என்ற இரண்டு படிகளிலேயே நின்றிருந்தார்கள். உச்சியில் வைத்த ஆறாவது நிலைக்கு ஆளே சிக்காமல் கடைசியில் மதிப்பிடும் கையேட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

இனி என் கதை. பயிற்சிக் காலத்தில் இதையெல்லாம் எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

2001ஆம் ஆண்டு. அப்போது சத்துணவில் வாரத்துக்கு ஒரு முட்டைதான். வருகைப் பதிவேட்டில் எத்தனை தலையோ அத்தனை முட்டை எண்ணி வேகவைப்பார்கள். அன்றைக்கு வரிசையின் கடைசியில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முட்டை இல்லை. தேடினால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் டவுசர் பையில் ஒன்று இருந்தது. தன் முட்டையைத் தின்றுவிட்டு, இன்னொன்றை எடுத்து ஒளித்திருக்கிறான். வீட்டில் மூன்று வயதுத் தங்கை இருக்கிறாள் என்று அழுதுகொண்டே சொன்னான். முட்டையைப் பிடுங்கினேன். அவன் பையில் அது நசுங்கிப்போயிருந்தது. பள்ளிக்கூடமே பார்க்க வெயிலில் முட்டி போட வைத்தேன். திருட்டு திருட்டுதான் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "டீச்சர், முட்டை இல்லாத பாப்பாவுக்கு என்னோடத குடுத்துட்டேன். அவன எந்திரிக்கச் சொல்லுங்க. அடுத்த வாரத்துலேருந்து அவன் பாதி முட்டைய வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு ஆயாட்ட கேட்டுச் சொல்லிட்டேன்." நான் அவளிடம், "உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ" என்றேன். பையன் மணி அடிக்கும்வரை முட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்கைந்து நாள் கழித்து வந்தான். அதன் பிறகு சத்துணவு வரிசையில் நின்றதே இல்லை.

எனக்கு அப்போது 42 வயது. அந்தப் பெண்ணுக்கு 13. அங்கே யார் வளர்ந்தவர்?

பல வருடங்கள் கழித்து கரோல் கில்லிகன் என்ற அமெரிக்கப் பெண்மணி பற்றிப் படித்தேன். கோல்பெர்க்கோடு வேலை பார்த்தவர். ஆராய்ச்சியே பையன்களை வைத்துத்தானே நடந்தது, பெண்களின் யோசனை அந்த அளவுகோலில் ஏன் குறைவாகத் தெரிகிறது என்று கேட்டு 1982இல் எழுதினார். 11 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஹைன்ஸ் கதையைச் சொன்னபோது அவள் திருடலாம் என்றும் சொல்லவில்லை, சாகட்டும் என்றும் சொல்லவில்லை. கடன் வாங்கலாமே, மருந்துக்கடைக்காரரிடம் எல்லோருமாக உட்கார்ந்து பேசலாமே, ஹைன்ஸ் ஜெயிலுக்குப் போய்விட்டால் அப்புறம் அந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்றாள். பழைய அளவுகோலில் இது தடுமாற்றமான, கீழ்ப்படிப் பதிலாகத்தான் பட்டது. கில்லிகன் அதில் வேறொரு முதிர்ச்சியைப் பார்த்தார். யாரையும் கைவிடாமல் வழி தேடுகிற முதிர்ச்சி. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தன் முட்டையைக் கொடுத்துவிட்டு வந்து நின்ற பெண்ணின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

ஆண்கள் ஒரு மாதிரி, பெண்கள் ஒரு மாதிரி என்று கோடு கிழிப்பதை நான் ஏற்கவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கோலி ஆடுகிற பையன்களைப் பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பெண் பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கக்கூட எனக்குத் தெரியாமல் போனது உண்மை.

வயதானால் தானாகவே விவேகம் வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். வருவதும் உண்டு, நின்றுபோவதும் உண்டு. என் அம்மாவைச் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எரவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் மோர். குடித்துவிட்டு அவர்களே கழுவி மறுபடி செருக வேண்டும். எனக்கு ஏழு வயது இருக்கும், ஏன் அந்த டம்ளர் மட்டும் வெளியே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றாள். கெட்ட மனசுக்காரி இல்லை என் அம்மா. யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. ஆனால் ஊர் வழக்கம் என்ற சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததில்லை. 1968இல் எங்களுக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகும் டம்ளர் எரவாணத்தில்தான் இருந்தது.

அம்மாவுக்கு 68 வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொள்ள வந்த பெண், அந்தக் காலத்தில் எங்கள் வயலில் நடவு நட்ட ஒரு அம்மாவின் பேத்தி. ஆறு மாதம் அவள்தான் அம்மாவைக் குளிப்பாட்டினாள், கழிவை எடுத்தாள், தலை பின்னினாள். ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த டம்ளர் இன்னும் எங்கேயாவது கெடக்கா பாரு" என்றாள். தேடிப் பார்த்துவிட்டு, வீடு மாற்றிக் கட்டியபோதே போய்விட்டது என்றேன். "இவ பாட்டி அதுலதானே குடிச்சா. நீ சின்னதுல கேட்ட. நான் அப்ப யோசிக்கவே இல்லடி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழு வயதில் நான் கேட்ட கேள்வி அவளுக்குள் போய்ச் சேர 38 வருடங்கள் ஆகியிருக்கின்றன. அதைக் கேட்ட பிள்ளையை அன்றைக்கு அவள் அடித்திருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே செத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது பிரம்புக்கு வருகிறேன். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கவோ மனதைப் புண்படுத்தவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றும், 12 வயதுவரை அந்தப் பிள்ளைக்கு விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றும் நம் குற்றவியல் சட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. பிரம்பு வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. நான் பார்க்கும் நேரத்தில் வேலை செய்யும். மாட்டிக்கொள்வோமா மாட்டோமா என்ற முதல் படியில் பிள்ளையை ஆணி அடித்து நிறுத்தி வைக்கும்.

நீதிபோதனைக்குத் தேர்வு வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துச் சோதித்தார்கள். நேர்மையைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை நேர்மையாக நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியவில்லை. ஓர் இடத்தில் ஏமாற்றாத பிள்ளை இன்னோர் இடத்தில் ஏமாற்றியது. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? மதிப்பெண் வைத்தால் பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்வார்கள். நான் செய்த மாதிரியே.

கோல்பெர்க்கே கடைசிக் காலத்தில் கதை சொல்லிக் கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை. 1974இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, மாணவருக்கும் ஒரு ஓட்டு என்று வாராந்திரக் கூட்டம் வைத்துப் பள்ளி விதிகளை எல்லோருமாகப் பேசி முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அங்கே ஒருமுறை பணம் திருடுபோனது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இழந்தவருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். இதைப் படித்த பிறகுதான் நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் எங்கள் பள்ளியில் நேர்மை அங்காடி வைத்தேன். ஒரு மேசை, அதில் பேனா, ரப்பர், பென்சில், கோடு போட்ட நோட்டு, விலைப்பட்டியல், பக்கத்தில் காசு போட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். விற்க ஆள் கிடையாது.

முதல் வாரம் கணக்குப் பார்த்தால் 37 ரூபாய் குறைந்தது. பழைய நானாக இருந்தால் பைகளைச் சோதித்திருப்பேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, "என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "மேசை மேல சாமி படம் வைப்போம் டீச்சர், பயப்படுவாங்க" என்றான். இன்னொருவன் கேமரா வேண்டும் என்றான். ஏழாம் வகுப்பில் முறை போட்டுக் காவல் நிற்கலாம் என்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன், அதிகம் பேசாதவன், எழுந்து, "காசு இல்லாதவங்க பேரையும் எடுத்த சாமானையும் எழுதி வைக்க ஒரு நோட்டு வைக்கலாம். பரீட்சை அன்னைக்கு பேனா தீந்துபோனா என்ன செய்வாங்க?" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆறாம் வகுப்புப் பையனே, "சாமி படம் வேணாம், நோட்டு வைப்போம்" என்றான்.

நோட்டு வைத்தோம். பற்றாக்குறை முழுசாக நிற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சில வாரம் நான்கு ரூபாய், சில வாரம் பத்து ரூபாய் என்று குறைந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் நோட்டில் எழுதியவர்களில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போன பிறகு, ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்து ஆறு ரூபாய் போட்டுவிட்டுப் போனாள்.

நான் கேட்பது இதுதான். நீதிபோதனைக்கு ஒரு பீரியட் ஒதுக்குவதாக இருந்தால் அதற்குப் பாடப்புத்தகமும் தேர்வும் வேண்டாம். ஆசிரியர் ஒரு கதையைச் சொல்லட்டும், அல்லது அந்த வாரம் பள்ளியில் நடந்த சண்டையையே எடுத்துக்கொள்ளட்டும். "ஏன் அப்படி நெனக்கிற?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். மூன்றாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் சில நாட்கள் சேர்த்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது. தன்னைவிட ஒரு படி மேலே யோசிக்கிற பிள்ளையின் பேச்சு, ஆசிரியர் பேச்சைவிடச் சீக்கிரம் காதில் ஏறுகிறது. இதற்குக் காசு செலவில்லை. ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும், எட்டு வயதுக்காரன் எட்டு வயதுக்காரன் மாதிரி யோசிப்பதைக் குற்றமாகப் பார்க்காத பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு 2001இல் இல்லை.

இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். போன வாரம் மறுபடி கல்தேர்க் கதை. வழக்கமான பதில்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகு, ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "பசுவுக்கு மணி இருக்கற எடம் தெரிஞ்சுச்சு, போய் அடிச்சிச்சு. தெரியாதவங்க என்ன பாட்டி பண்ணுவாங்க?"

அடுத்த சனிக்கிழமை அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். எல்லோரும் யோசித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.